அம்மா கண்டுபிடித்த தப்பு
(வர்க்கப் பூர்த்தி முறை)



வர்க்கப் பூர்த்தி கணக்கு எதுக்குன்னு நானும் கேட்டிருக்கேன். போன மாதம் பதில் கிடைச்சது.

கோழி அடைக்க அம்மா 24 அடி கம்பி வலை வாங்கிட்டு வந்தாங்க. ஒரு பக்கம் வீட்டுச் சுவர். மற்ற மூணு பக்கமும் வலை. "எட்டு எட்டு அடியா சதுரமா கட்டிடலாம்"னு சொன்னாங்க. அதுதான் பெரிய இடமா? வலையை வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாதே! "இரும்மா, கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்" என்றேன்.

சுவரிலிருந்து வெளியே வரும் அகலம் அ அடி என்க. இரண்டு பக்கம் போக, நீளம் 24 − 2அ. பரப்பு ப என்றால்,

ப = அ(24 − 2அ) = −2அ² + 24அ

படி 1: −2 ஐப் பொதுவாக வெளியே எடு.
ப = −2(அ² − 12அ)

படி 2: 12-இல் பாதி 6. அதன் வர்க்கம் 36. அதைக் கூட்டி, உடனே கழி. கைமாத்து வாங்கினா திருப்பித் தரணும் இல்லையா!
ப = −2(அ² − 12அ + 36 − 36)

படி 3: முதல் மூன்று உறுப்புகள் (அ − 6)² ஆகும். மீதி −36 வெளியே வரணும். இங்கேதான் நான் தப்பு செய்தேன். குறியை மட்டும் மாற்றி +36 என்று எழுதிவிட்டேன். "அதிகபட்சம் 36 சதுர அடிம்மா" என்றேன். அம்மா சிரிச்சிட்டு, "ஏண்டி, எட்டெட்டு அறுபத்து நாலு வருதே!" என்றார்கள். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான்!

திரும்பப் பார்த்தேன். −36 வெளியே வரும்போது −2 ஆல் பெருக்க வேண்டும். (−2) × (−36) = +72.

ப = −2(அ − 6)² + 72

இதுதான் முனை வடிவம். எந்த எண்ணின் வர்க்கமும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. அதனால் −2(அ − 6)² எப்போதும் 72-இலிருந்து குறைக்கத்தான் செய்யும். அ = 6 என்றால் மட்டும் ஒன்றும் குறையாது. அகலம் 6, நீளம் 12, பரப்பு 72 சதுர அடி!

சரிபார்ப்போம்:
அ = 4 → 4 × 16 = 64
அ = 5 → 5 × 14 = 70
அ = 6 → 6 × 12 = 72
அ = 7 → 7 × 10 = 70
அ = 8 → 8 × 8 = 64

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்குது பாருங்கள். வரைபடத்தாளில் புள்ளி வைத்தால் கவிழ்ந்த பரவளையம் வரும். அதன் முனை (6, 72). அதே வலையில் 8 சதுர அடி கூடுதல் இடம்!

தெரிந்துகொள்வோம்: சுமார் கி.பி. 820-இல் பாக்தாத்தில் அல் குவாரிஸ்மி என்ற அறிஞர் அ² + 10அ = 39 என்ற கணக்கைப் படம் போட்டே தீர்த்தார். அ பக்கமுள்ள சதுரத்தின் இரண்டு பக்கங்களில் 5 அகலமுள்ள செவ்வகங்களை ஒட்டினார். மூலையில் 5 × 5 இடம் காலியாக இருந்தது. அந்த 25 ஐ நிரப்பினார். 39 + 25 = 64, பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஆகவே அ = 3. சதுரத்தை நிரப்புவதால்தான் வர்க்கப் பூர்த்தி என்று பெயர்!

உங்களுக்கு: அ² − 6அ + 11 இன் மிகக் குறைந்த மதிப்பு என்ன? விடையை 9-ஆம் வகுப்புக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். சொல்லும் முன்னே ஒரு எண் போட்டுச் சரிபாருங்கள், எங்க அம்மா மாதிரி!

– 9-ஆம் வகுப்பு மாணவி