மாஸ்டடானில் சேரப் போகிறீர்களா?

2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதும் இந்தியர்கள் பலர் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தின் பக்கம் வந்தார்கள். அங்கே விளம்பரத் தொல்லை இல்லை. பதிவுகள் நேர வரிசையில் வரும்.

● மாஸ்டடான் தனித்தனியே நடத்தப்படும் பல சர்வர்களால் ஆனது. சேருமுன் நீங்கள் தேர்ந்தெடுக்கும் சர்வரின் விதிகளைப் படியுங்கள். நடத்துபவர் யார் என்றும் பாருங்கள்.

● மின்னஞ்சல் போலவே, வேறு சர்வரில் இருப்பவரோடும் பேசலாம்.

● நீங்கள் எடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர்ப் படத்தைப் போடுகிறீர்களா? #ஸ்ரீவில்லிபுத்தூர், #ஆடிப்பூரம் என்று ஹேஷ்டேக் சேருங்கள். தேடுபவர் கண்ணில் படும். படத்துக்கு விளக்கமும் எழுதுங்கள், பார்வையற்றோருக்கு உதவும்.

● தனிச்செய்தியைச் சர்வர் நிர்வாகியால் படிக்க முடியும். வங்கி விவரம், ஓடிபி அனுப்பவே கூடாது.

● சர்வர் பிடிக்கவில்லையா? உங்களைப் பின்தொடர்வோரோடு வேறு சர்வருக்கு மாறலாம். பழைய பதிவுகள் மட்டும் கூடவே வராது. முன்கூட்டியே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.