வளவுக்குக் கல் போடுமுன்...

வீடு கட்டி முடித்தவர்கள் பலர் கேற்றிலிருந்து வாசல் வரை சல்லிக்கல் போட விரும்புகின்றனர். சீமெந்துக் கல் பதிப்பதை விடச் செலவு குறைவு. ஆனால் முறை தெரியாமல் போட்டால் பணம் மண்ணுக்குள் போய்விடும். இதனை நான் ஒரு வாடிக்கையாளரின் செலவில்தான் படித்தேன்.

சில வருடங்களுக்கு முன், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் ஒரு கியூப் சல்லி கேட்டார். லோட்டை அனுப்பி, மணலின் மேலேயே பரப்பச் சொன்னேன். மாரி மழை முடிந்ததும் கடைக்கு வந்தார். "தம்பி, நீங்க தந்த கல்ல மண் திண்டு போட்டுது" என்றார். போய்ப் பார்த்தேன். கார்ச் சில்லு ஓடிய இரு தடத்திலும் வெறும் மணல்.

நிந்தவூர் மண் கடற்கரை மணல். பாரம் ஏற ஏறக் கல் கீழே இறங்கும், மணல் மேலே வரும். எனவே முதலில் ஆறு அங்குலம் வெட்டி மணலை எடுங்கள். நான்கு அங்குலத்துக்குக் கிறவல் போட்டு, தண்ணீர் தெளித்து இடித்து இறுக்குங்கள். அதன் மேல் முக்கால் அங்குலச் சல்லியை இரண்டு அங்குலம் பரப்புங்கள். இறுகிய கிறவலில் தண்ணீர் இலகுவில் இறங்காது. தோட்டப் பக்கம் சிறு சாய்வு வைத்தால் மழைநீர் அங்கே ஊறும், கிணற்றுக்கும் நல்லது. இரு கரையிலும் கல் கட்டாவிட்டால் சல்லி சிதறும்.

பாதைக்கு உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், சில்லின் கீழ் உருளும். 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வீதிகளுக்குப் பொறுப்பேற்ற ஜோன் மக்அடம் உடைத்த சிறு கல்லையே போட்டார். விளிம்புள்ள கல் ஒன்றையொன்று கௌவிக்கொள்ளும். கூழாங்கல் பூமரத்தடிக்கு அழகு. அங்கும் மரத்தின் அடியை மூடாமல் சற்று விலக்கிப் போடுங்கள்.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கியூப் என்பது 100 கன அடி. 40 அடி நீளம், 10 அடி அகலமான பாதைக்குச் சல்லி 67 கன அடி, அதாவது மூன்றில் இரண்டு கியூப் போதும். கிறவல் 133 கன அடி. இடித்தால் அமுங்கும் என்பதால் ஒன்றரைக் கியூபுக்குச் சற்று மேல் எடுங்கள். டிப்பர் வந்ததும் பெட்டியின் நீளம், அகலம், கல் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்த பின்பே கொட்ட விடுங்கள்.

ஆசிரியரின் வளவில் புதைந்த கல்லை அரித்தெடுத்து, கிறவலை என் செலவில் போட்டுக் கொடுத்தேன். அந்த லோட்டில் எனக்கு நட்டம்தான். வியாபாரச் சகோதரர்களே, கல் கேட்டு வருபவரிடம் எங்கே போடப் போகிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று நான் கேட்கவில்லை.