மழைக்கால வேலைக்கு மினி டிராக்டர்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. நம்ம அரியலூர், பெரம்பலூர் பக்கம் வேலை நெருக்குகிற மாதங்கள் இவை. மானாவாரி மக்காச்சோளத்தில் களை எடுக்கணும். பருத்திக்கு மண் அணைக்கணும். செட்டிகுளம் வட்டாரத்தில் சின்ன வெங்காயத்துக்கு வடிகால் எடுக்கணும். ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரித் தோப்பில் மழைக்கு முளைத்த களையை, பூ வருவதற்கு முன்பு வெட்டிப் போடணும். களைக்கொல்லி அடிக்காத நமக்கு இதெல்லாம் கையாலோ கருவியாலோதான் முடியும். ஆள் கிடைப்பதில்லை, ஏர் மாடும் அருகிப் போச்சு. அதனால்தான் இயற்கை விவசாயிகள் பலரும் இப்போது கேட்கிற கேள்வி: "மினி டிராக்டர் ஒண்ணு வாங்கிடலாமா?"

வாங்கலாம். ஆனால் கடனில் வாங்கிய கருவி மண்ணையும் கெடுத்து நம்மையும் கடனாளி ஆக்காமல் இருக்க, சில கணக்குகளை முதலில் போட்டுப் பார்த்துவிடணும்.

1. முதலில் மண்ணைப் பாருங்க

ஒரே மழைதான். ஆனால் செம்மண் ஒன்றிரண்டு நாளில் பதத்துக்கு வந்துவிடும். கரிசல் நான்கைந்து நாள் கேட்கும். அடைமழை என்றால் ஒரு வாரத்துக்கு மேலேயும் ஆகும். ஈரக் கரிசலில் டிராக்டர் இறங்கினால் டயர் போன தடம் செங்கல் மாதிரி இறுகிவிடும். வேர் இறங்காது, தண்ணீரும் இறங்காது. மண்புழு போட்ட துளைகள் ஒரே நாளில் அடைபட்டுப் போகும். நாலு வருசம் தொழு உரமும் பலதானியமும் போட்டுச் சேர்த்த பொலபொலப்பை ஒரு மணி நேரத்தில் இழக்க முடியும்.

பதம் பார்க்கிற முறை எளிது. மேல் மண்ணை எடுக்காதீங்க, கலப்பை இறங்குகிற ஆழத்தில் ஒரு பிடி எடுங்க. உருண்டை பிடித்து கட்டைவிரலால் அழுத்துங்க. உதிர்ந்தால் உழலாம். பிசைந்த மாவு மாதிரி நசுங்கினாலோ, திரி மாதிரி உருட்ட வந்தாலோ வண்டியை வரப்பிலேயே நிறுத்திடுங்க.

45, 50 குதிரைத்திறன் பெரிய டிராக்டர் ஏறத்தாழ 2 டன் எடை. மினி டிராக்டர்கள் பெரும்பாலும் 600 முதல் 1,100 கிலோவுக்குள் அடங்கும். நமக்கு இதில் கிடைக்கிற பெரிய லாபமே இந்த எடைக் குறைவுதான். ஆனால் எடை குறைவு என்பதற்காகச் சேற்றில் இறக்கினால் அந்த லாபம் போச்சு.

2. எத்தனை குதிரைத்திறன்?

சந்தையில் 11 குதிரைத்திறன் ஸ்வராஜ் கோட் முதல் 24 குதிரைத்திறன் மகிந்திரா ஜீவோ 245, குபோட்டா பி2441 வரை பல வகை இருக்கு. விளம்பரத்தில் வருவது எஞ்சின் சக்தி. ரோட்டவேட்டரையும் தெளிப்பானையும் ஓட்டுவது பின்னால் சுழல்கிற பி.டி.ஓ. தண்டு. அதற்கு வந்து சேர்வது எஞ்சின் சக்தியில் சுமார் 80 முதல் 90 சதவீதம்தான். ஆகவே "பி.டி.ஓ. சக்தி எவ்வளவு?" என்று கேட்டு வாங்குங்க.

களை எடுக்க, மருந்து தெளிக்க, பார் அணைக்க மட்டும் என்றால் 11 முதல் 18 போதும். கரிசலில் உழவு, ரோட்டவேட்டர், எரு ஏற்றிய டிரெய்லர் எல்லாம் வேணும் என்றால் 22க்குக் குறையாமல் பாருங்க. கரிசலுக்கு நான்கு சக்கர இயக்கமும் அவசியம். செம்மண் சமவெளியில் இரண்டு சக்கர இயக்கமே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

3. டயர் தடமும் பயிர் வரிசையும்

வாங்கும்போது பலரும் விட்டுவிடுகிற கணக்கு இதுதான். பின் டயர்களின் நடுவுக்கு நடு உள்ள இடைவெளியை டேப் வைத்து அளங்க. 90 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 90 செ.மீ. வரிசைப் பருத்தியில் ஒரு வரிசையை நடுவில் விட்டு ஓட்டினால், டயர் இரண்டும் சால்களின் நடுவில் அழகாகப் போகும். செடி வண்டியின் அடிவயிற்றைத் தொடுகிற உயரம் வரும் வரை இப்படி ஓட்டலாம்.

அதே வண்டி 60 செ.மீ. வரிசை மக்காச்சோளத்தில் போனால்? நடு வரிசையிலிருந்து டயர் 45 செ.மீ. தள்ளிப் போகும். அடுத்த வரிசை 60 செ.மீ. தள்ளி நிற்கிறது. டயரின் நடுவுக்கும் பயிருக்கும் வெறும் 15 செ.மீ. டயரின் பாதி அகலமே 10 செ.மீ. வந்துவிடும். வேர் நசுங்கும். அந்த வயலுக்கு டயர் தடத்தை 120 செ.மீ.க்கு அகலப்படுத்தி இரண்டு வரிசையை நடுவில் விட்டு ஓட்டணும். தடத்தை மாற்ற வசதி இல்லாத வண்டி என்றால், மக்காச்சோளத்துக்குப் பவர் வீடர்தான் சரி.

முந்திரித் தோப்புக்காரர்கள் உயரத்தையும் அளங்க. கிளைக்கு அடியில் போக மடக்குகிற பாதுகாப்புச் சட்டம் உள்ள வண்டி வேணும். தோப்பை விட்டு வெளியே வந்ததும் சட்டத்தை நிமிர்த்திவிடணும்.

4. கருவிகள்: முதலில் மூன்று போதும்

விற்பவர் எல்லாவற்றையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்ப்பார். முதல் வருசம் மூன்று வாங்குங்க.

கொக்கிக் கலப்பை: ஐந்து கொக்கி போதும். கொக்கியை நகர்த்தி மாட்ட முடிந்தால் களை எடுக்கவும் இதுவே ஆகும்.

பார் போடும் கலப்பை: வெங்காயத்துக்கும் பருத்திக்கும் மேட்டுப்பாத்தி எடுக்க, வடிகால் வெட்ட. மழைக்காலத்தில் வேர் அழுகலைத் தடுப்பதில் பாதி வேலை வடிகாலில் முடிந்துவிடும்.

களை வெட்டும் ஸ்லாஷர்: தோப்புக்கும் வரப்புக்கும். வேரைக் கிளறாமல் களையை வெட்டி அங்கேயே மூடாக்காக விட்டுவிடும்.

ரோட்டவேட்டர் அடுத்த கட்டம். தக்கைப்பூண்டு, சணப்பை மடக்கி உழ அது நல்ல கருவிதான். ஆனால் ஒவ்வொரு உழவுக்கும் அதையே ஓட்டினால் மேலே மண் மாவாகும், கீழே கடினத் தட்டு விழும். வருசத்துக்கு ஒரு முறைதான் தேவை என்றால் வாடகைக்கு எடுங்க. விழுந்துவிட்ட கடினத் தட்டை உடைக்க உளிக்கலப்பை வேணும். அதை மினி டிராக்டரால் இழுக்க முடியாது. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது பெரிய டிராக்டரை வாடகைக்கு வைத்து, மூன்று வருசத்துக்கு ஒரு முறை ஓட்டினால் போதும்.

ஜீவாமிர்தம் தெளிக்க பி.டி.ஓ. பம்பு வாங்குகிறவர்கள் இரண்டு தடவை வடிகட்டாமல் ஊற்றாதீங்க, நாசில் அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டுங்க.

5. வழுக்கலை அளந்து பாருங்க

டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்க. கலப்பையைத் தூக்கி வைத்து டயர் பத்துச் சுற்று சுற்றுகிற தூரத்தை அளங்க. பிறகு கலப்பையை இறக்கி அதே பத்துச் சுற்று. முதலில் 40 மீட்டர், அடுத்து 35 மீட்டர் என்றால் வழுக்கல் 12.5 சதவீதம். 10 முதல் 15 வரை சரி. அதற்கு மேல் போனால் டீசலும் டயரும் வீண், மண்ணும் மெழுகப்படும். ஆழத்தைக் குறைங்க, அல்லது நிலம் காயட்டும் என்று விடுங்க.

6. பணக் கணக்கு

ஒரு உதாரணம். வண்டியும் கருவிகளும் சேர்ந்து 7 லட்சம். பத்து வருசம் கழித்து 2 லட்சத்துக்குப் போகிறது. தேய்மானம் வருசத்துக்கு 50,000. சராசரி முதலீடு 4.5 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி 45,000. காப்பீடு, பழுது 25,000. மொத்தம் 1,20,000 ரூபாய். வண்டி ஓடினாலும் கொட்டகையில் நின்றாலும் இதில் பெரும்பகுதி ஆகியே தீரும்.

வருசத்துக்கு 150 மணி நேரம் ஓடினால் மணிக்கு 800 ரூபாய். 400 மணி நேரம் ஓடினால் 300 ரூபாய். டீசலும் ஓட்டுநர் கூலியும் தனி. உங்க ஊர் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்க.

இப்போ உங்க நிலத்துக்கு எத்தனை மணி? நாலடி ரோட்டவேட்டர், மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகம், திரும்புகிற நேரம் கழித்தால் மணிக்கு சுமார் 60 சென்ட். 5 ஏக்கருக்கு ஒரு ஓட்டம் எட்டு மணி சொச்சம். வருசத்தில் பத்து ஓட்டம் ஓட்டினாலும் 85 மணியைத் தாண்டாது. ஆக 5 ஏக்கர்காரர் தனியாக வாங்கினால் கட்டுப்படி ஆகாது. நாலைந்து பேர் சேர்ந்தால் கட்டுப்படி ஆகும்.

"மழை விட்டதும் எல்லாருக்கும் ஒரே நாளில் வண்டி வேணுமே, சண்டை வராதா?" என்பீர்கள். அதற்கு நம்ம மண்ணிலேயே வழி இருக்கு. செம்மண்காரர் இரண்டு பேர், கரிசல்காரர் இரண்டு பேர், தோப்புக்காரர் ஒருவர் என்று சேருங்க. செம்மண்ணில் வேலை முடிகிற நேரத்தில்தான் கரிசல் பதத்துக்கு வரும். தோப்பு வேலை பத்து நாள் பொறுக்கும். முறை யாருக்கு, டீசல் யாருக்கு, பழுது வந்தால் பங்கு எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்க.

மானியம் உண்டு. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, ஆதிதிராவிட, பழங்குடி, பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. பணம் கட்டும் முன்பு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் அந்த வருச நிலவரத்தைக் கேட்டுவிடுங்க. அத்துறையின் இயந்திரங்களை இ-வாடகை செயலி வழியாகவும் எடுக்கலாம். மண் பற்றிய ஐயங்களுக்கு சோழமாதேவியிலும் வாலிகண்டபுரத்திலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன.

7. உயிர் முக்கியம்

நம்ம பக்கம் கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறுகள் ஏராளம். மழையில் விளிம்பு மண் ஊறித் தளர்ந்திருக்கும். கிணற்றின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளியே வண்டியைத் திருப்புங்க. அவ்வளவு இடம் இல்லாத வயலில் அந்த ஓரத்தைக் கையால் கொத்துங்க.

எதை இழுத்தாலும் கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்க. மேல் இணைப்பில் மாட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி வண்டி பின்னால் கவிழும். சேற்றில் புதைந்தால் டயரில் கட்டையைக் கட்டி ஏற்ற முயல வேண்டாம், அதிலும் இதே ஆபத்து. இன்னொரு வண்டியால் மெதுவாக இழுத்து எடுங்க. பி.டி.ஓ. தண்டுக்கு உறை இல்லாமல் ஓட்டக் கூடாது. வேட்டி, துண்டு, சேலைத் தலைப்பு சிக்கினால் கண் இமைக்கிற நேரம்கூடக் கிடைக்காது. மட்கார்டில் குழந்தைகளை உட்கார வைக்காதீங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது: போன வருசம் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் டிராக்டர் வந்தது, எவ்வளவு கொடுத்தீங்க என்று ஒரு தாளில் எழுதுங்க. பக்கத்து வயல்காரர் நாலு பேரிடமும் அதையே எழுதி வாங்குங்க. கூட்டிப் பார்த்தால் 400 மணியை நெருங்குகிறதா? அப்போ ஐந்து பேரும் சேர்ந்து ஷோரூமுக்குப் போங்க. நெருங்கவில்லையா? இந்த மழைக்கு வாடகை வண்டியே போதும். மிச்சப் பணத்தில் ஒரு பவர் வீடரும் ஒரு கறவை மாடும் வாங்குங்க.