நம்ம ஆளுக்கு எதுக்குப் பூட்டு?

திருப்பூரிலிருந்து மங்கலம் சாலையில் போனால் வழிநெடுக பனியன் கம்பெனிகள். மங்கலத்தை நெருங்கினால் விசைத்தறிச் சத்தம். இங்கே நடுத்தரக் கம்பெனியில்கூட ஆபீஸ் மூலையில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். டாலி கணக்கு, பையர் அனுப்பிய டெக்பேக், பேட்டர்ன், காஸ்டிங் ஷீட், சம்பளப் பட்டியல் எல்லாம் அதற்குள்தான். யார் எதைத் திறக்கலாம் என்பதில்தான் தப்பான நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன.

நம்பிக்கை: எல்லாரும் நம்ம ஆளுங்க; எல்லாத்தையும் திறந்தே வைக்கலாம்.

உண்மை: ஆளை நம்பலாம், அவருக்கு வரும் மின்னஞ்சலை நம்ப முடியாது. ஒரு கணினிக்குள் நுழைந்து, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர், அதில் லாகின் செய்திருப்பவரின் உரிமையை வைத்துத்தான் பெரும்பாலும் வேலையைத் தொடங்கும். பேக்கிங் பிரிவுக்காரருக்குச் சம்பளப் பட்டியலைத் திருத்தும் உரிமை இருந்தால், அந்தப் பட்டியலும் சேர்ந்தே முடங்கும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் 5 சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நெட்வொர்க்கை முறையாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நோயாளிகளின் பதிவெல்லாம் பல நாள் கையால் எழுத வேண்டியதாயிற்று. தடுப்பே இல்லாத இடத்தில் சேதத்துக்கும் எல்லை இல்லை.

நம்பிக்கை: ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி கொடுப்பதே பாதுகாப்பு.

உண்மை: பத்துப் பேர் இருக்கும்வரை சரி. சாம்பிள் பார்த்த மெர்ச்சண்டைசர் புரொடக்‌ஷனுக்கு மாறுவார். புது அனுமதி கிடைக்கும், பழையதை யாரும் எடுக்க மாட்டார்கள். நாலு வருஷத்தில் எம்.டி.க்கு இல்லாத அனுமதியெல்லாம் அவரிடம் சேர்ந்திருக்கும்.

அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் அவர் பார்க்கும் வேலைக்குக் கொடுப்பதுதான் இதற்கு வழி. அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் 1992-இல் இதை ஒழுங்கான முறையாக வகுத்துக் கொடுத்தார்கள். 2004-இல் அது அமெரிக்கத் தர விதியானது. மெர்ச்சண்டைசிங், கட்டிங், ஸ்டோர், அக்கவுண்ட்ஸ் என்று குரூப் போட வேண்டும். காஸ்டிங் ஷீட்டை மெர்ச்சண்டைசிங் குரூப் திருத்தலாம், அக்கவுண்ட்ஸ் படிக்க மட்டும் செய்யலாம், கட்டிங்குக்கு அது தெரியவே வேண்டாம். புதிதாகச் சேர்பவரை உரிய குரூப்பில் போட்டால் வேலை முடிந்தது.

நம்பிக்கை: குரூப்பிலிருந்து பெயரை எடுத்ததும் கதவு மூடிவிடும்.

உண்மை: உடனே மூடாது. விண்டோஸில் யார் எந்தக் குரூப்பில் இருக்கிறார் என்பது லாகின் செய்யும்போதே குறிக்கப்பட்டுவிடும். லாக்ஆஃப் செய்து மீண்டும் வரும்வரை பழைய உரிமை ஓடும். வேலையை விட்டவர் என்றால் கணக்கையே முடக்கி, ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பையும் துண்டிக்க வேண்டும்.

மறந்துபோன கணக்கு என்ன செய்யும் என்பதற்கு 2021 மே மாதத்து அமெரிக்கா சாட்சி. அங்கே கலோனியல் பைப்லைன் நிறுவனத்தில், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு வி.பி.என். கணக்கின் பாஸ்வேர்டு வழியாகத்தான் திருடர்கள் நுழைந்தார்கள். ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சோதனை அந்தக் கணக்குக்கு இல்லை. எரிபொருள் குழாய் பல நாள் நின்றது. 44 லட்சம் டாலர் கப்பம் கட்டினார்கள்.

நம்பிக்கை: பிரிவுக்கு ஒரு பாஸ்வேர்டு போதும்.

உண்மை: நாலு பேர் ஒரே பெயரில் நுழைந்தால் பில்லைத் திருத்தியது யார் என்று சர்வரால் சொல்ல முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் பதியும் எடிட் லாக் கட்டாயம். பார்ட்னர்ஷிப் கம்பெனிகளுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் கணக்கில் குளறுபடி வரும் நாளில், யார் கை வைத்தது என்ற கேள்வி அவர்களுக்கும் உண்டு. எல்லாரும் ‘அட்மின்’ என்றே நுழையும் இடத்தில் எடிட் லாக் இருந்தும் பயனில்லை.

இதற்கெல்லாம் புது மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஸ்டாஃப் சம்பளம் போடும் நாளில், சர்வரில் உள்ள குரூப் பட்டியலையும் சம்பளப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். சம்பளம் வாங்காத பெயர் குரூப்பில் இருந்தால், காரணம் கேட்டுவிட்டு அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.