சரிவான புல்தரையில் இயந்திரம் ஓட்டுவோர் கவனத்திற்கு

அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளிடம் சென்று தங்கும் பெற்றோர் சிலர், வீட்டுப் புல்தரையை வெட்டும் பணியைத் தாமே ஏற்கின்றனர். அந்நிலம் மலைச்சரிவாயின், அமர்ந்து ஓட்டும் புல்வெட்டியை மிகுந்த கவனத்துடன் தேர்ந்தெடுத்தல் வேண்டும். கவிழும் இயந்திரம் மார்பை அழுத்தினால் மூச்சு நின்றுவிடும்.

முதலில் சரிவை அளந்திடுக. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றுக்கு 15 பாகையே உச்ச வரம்பு. அதாவது, கிடைமட்டமாக 10 அடிக்கு ஏறத்தாழ 2.7 அடி உயர்வு. சிலவற்றுக்கு வரம்பு இன்னும் குறைவு; கையேட்டைப் படித்தறிக.

தாழ்வான அமைப்பும் அகன்ற சக்கர இடைவெளியும் உடையது எளிதில் கவிழாது. 'ஜீரோ டர்ன்' வகையில் பின்சக்கரங்களே திசையையும் வேகத்தையும் ஆள்கின்றன; அவை வழுக்கினால் இரண்டும் கைவிட்டுப் போகும். ஓட்டுபவரின் பின்னே கவிழ்வுக் காப்புச் சட்டம் உள்ளதா எனப் பார்க்க. அது நிமிர்ந்திருக்கையில் இருக்கை வாரை அணிக; மடக்கியிருக்கையில் அணியலாகாது. அணிந்திருப்பவர் கவிழும் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு நசுங்குவார்.

சரிவில் குறுக்கே ஓட்டாது, மேலும் கீழுமாக ஓட்டுக. ஈரப்புல்லைத் தவிர்த்திடுக. பேரக்குழந்தையை மடியில் அமர்த்துதல் ஒருபோதும் கூடாது. 16 வயது நிரம்பாதோர் ஓட்டலாகாது என்பது குழந்தைநல மருத்துவர்களின் அறிவுரை.

தூக்கம் அல்லது தலைச்சுற்றல் தரும் மருந்து உட்கொள்வோர் இப்பணியைப் பிறரிடம் விடுக. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குச் சிறு காயமும் பெருங்குருதிப்போக்காகலாம். அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் எம்மைக் கேட்ட பின்னரே இருக்கையில் ஏறுக.

வரம்பை மீறிய சரிவுக்கு எந்த இயந்திரமும் வேண்டா. அங்கே வெட்டத் தேவையில்லாத படர்செடிகளை நடுதலே நன்று.