கடலை மூச்சுக்குழாயில் போய்விட்டால்...



கோவில்பட்டி என்றாலே கடலை மிட்டாய்தான். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம்ம கரிசல் காட்டு வீடுகளில் கடலை உடைக்கிற இடத்தில்தான் பிள்ளைகளும் விளையாடுது. சின்னப்பிள்ளை கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடினாலோ, சிரித்தாலோ, அழுதாலோ அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

திடீரென்று புரையேறும், இருமும், மூச்சில் விசில் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் இருமல் அடங்கிவிடும். 'சரியாப்போச்சு' என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே கடலை ஊறிப் பருக்கும், சளி கட்டும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. அதனால், "கடலை தின்னும்போது புரையேறிச்சு டாக்டர்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தொக்கம் எடுக்க அலைய வேண்டாம். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகக் குழாய்க் கருவியை விட்டுக் கடலையை எடுப்பார்கள். 1897-லேயே ஜெர்மனியில் கில்லியன் என்ற டாக்டர் ஒருவருடைய மூச்சுக்குழாயில் இருந்த எலும்பை இந்த வழியில் எடுத்தார்.

ஆபரேஷனுக்கு முன்பு:

1. வயிறு காலியாக இருக்க வேண்டும். சோறு, மாட்டுப்பால் என்றால் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம். மூச்சுத்திணறல் அதிகமானால் டாக்டர்கள் காத்திருக்க மாட்டார்கள். பிள்ளை அழுவுதேன்னு தெரியாமல் பால் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் அந்தப் பால் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

2. எச்சிலும் சளியும் குறைய அட்ரோபின் போன்ற ஊசி போடுவதுண்டு. அதனால் வாய் வறளும், முகம் சிவக்கும், நெஞ்சு வேகமாகத் துடிக்கும். நாக்கு வறளுதேன்னு தண்ணீர் கொடுத்துவிடக் கூடாது.

3. வீக்கம் குறைய டெக்சாமெதசோன் ஊசி போடலாம். "தூங்க ஊசி போடுங்க" என்று நாமாகக் கேட்கக் கூடாது. மூச்சு இன்னும் குறைந்துவிடலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு:

1. மயக்கம் தெளியும்வரை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். ஆக்சிஜன் மாஸ்க்கை நாமாக எடுக்கக் கூடாது.

2. நர்சு சொன்ன பிறகே முதல் வாய்த் தண்ணீர். தொண்டை கம்மியிருந்தால் பயப்பட வேண்டாம்.

3. மூச்சு இழுக்கும்போது 'கர்' சத்தம், விலாவுக்குள் குழி விழுதல், உதடு நீலமாதல், ரத்தம் கலந்த இருமல், காய்ச்சல், எழுப்பினால் எழாமை: இதில் எது வந்தாலும் உடனே நர்சைக் கூப்பிடுங்கள். வீட்டில் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

4. வீட்டுக்கு வந்தபின் மூக்கில், தொண்டையில் எண்ணெய் விடாதீர்கள். கொடுத்த மருந்தை முழுசாக முடியுங்கள். சொன்ன தேதியில் திரும்பக் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 5 வயது ஆகும்வரை முழுக் கடலை வேண்டாம். நைசாக இடித்துக் கொடுக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துப் பேசுங்கள்: நம்ம வீட்டில் கடலை டப்பா எந்த உயரத்தில் இருக்கு?