ஸ்டென்ட் வைத்த பிறகும் நெஞ்சு வலிக்கிறதே?

கேள்வி: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்துப் பத்து நாளாகிறது. அவ்வப்போது நெஞ்சு வலிக்கிறது என்கிறார். தோலில் நீலத்திட்டு வருவதால் கிளோபிடோகிரல் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். பயப்பட வேண்டுமா?

பதில்: மாத்திரையை நிறுத்தியதுதான் எனக்குப் பெரிய கவலை. ஸ்டென்ட் ஓர் உலோக வலைக்குழாய். ரத்தக்குழாயின் உட்சவ்வு அதன்மேல் படர்ந்து மூட மாதங்கள் ஆகும். அதுவரை அங்கே ரத்தம் உறையாமல் காப்பவை ஆஸ்பிரினும் கிளோபிடோகிரலும். முதல் மாதத்தில் ஒன்றை விட்டாலும் ஸ்டென்ட் திடீரென அடைபட்டு மாரடைப்பு வரலாம். நீலத்திட்டு அந்த மாத்திரைகளால் வழக்கமாக வருவதுதான். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரத்தக்குழாய் விரிந்ததால் வரும் லேசான வலி பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். பத்தாம் நாள் வலி அந்தக் கணக்கில் சேராது. இப்போதே இதயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப்போய், மாத்திரை நிறுத்தியதை முதலில் சொல்லுங்கள். அழுத்தும் வலியோ, வியர்வையோ, மூச்சுத்திணறலோ இருந்தால் வாயு என்று சோடா கொடுத்துக் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.